முந்திரிக் காடும் ஜன்னல் குளவியும்

போன சித்திரையில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் எங்கள் உறவுக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து பெரியவர்கள் மர நிழலில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தார்கள். பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே போனைச் சுற்றித் தலையைக் குவித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியப்பா ஆரம்பித்தார்: "இதுங்களுக்கு இன்னா தெரியும்? மரம் தெரியுமா, செடி தெரியுமா? நாமெல்லாம் லீவு வுட்டா காட்டுலயே கெடப்போம்." சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவர் பேச்சு என்று நானும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அது என்னை அரித்துக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் விடவில்லை.

அந்தக் கோயிலைச் சுற்றியிருப்பது சும்மா தோப்பு இல்லை. இந்தக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நெடுகப் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. விறகுக்கும் விவசாயத்துக்கும் வீட்டு மனைக்கும் போனது போக, சாமிக்குப் பயந்து யாரும் கொம்பு ஒடிக்காத இடங்களில் மட்டும்தான் அந்தக் காடு தங்கியிருக்கிறது. காசாவும் வீரையும் கொடிகளுமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பேச்சு. தலைக்கு மேல் நிழல் கொடுத்தது என்ன மரம் என்று யாராவது கேட்டிருந்தால் பெரியவர்களிலும் பலர் முழித்திருப்பார்கள். ஆக, மரத்தின் பேர் தெரிவதும் தெரியாததும் இங்கே பிரச்சினை இல்லை. காடு என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு உள்ளுக்குள் ஒன்று இளகுகிறதே, அது எங்கிருந்து வந்தது? அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா, முடியாதா? எனக்கு வேண்டியிருந்தது அதற்கான பதில்.

கொட்டை பொறுக்கப் போன கோடைகள்

நாங்கள் இருந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அம்மாவின் ஊர் பண்ருட்டியைத் தாண்டி, காடாம்புலியூருக்கு உள்ளே தள்ளி. முழுப்பரீட்சை முடிந்த கையோடு எங்களைப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வாசனை வந்தால் பாதி தூரம், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாப்பழ வாசனை வந்தால் முக்கால்வாசி தூரம். அங்கிருந்து டவுன் பஸ். ஊரில் இறங்கியதும் ஆயா (அம்மாவின் அம்மா) முதல் வேலையாக எங்கள் துணியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய துணியைக் கொடுத்துவிடுவாள். முந்திரிப் பழச்சாறு பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த வீட்டில் கறைத்துணி என்றே ஒரு மூட்டை இருந்தது. போன வருஷம் அக்கா போட்டது இந்த வருஷம் எனக்கு.

விடியும் முன்னே எழுப்பிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் பொறுக்கி முடிக்க வேண்டும். மரத்தில் இருப்பதைப் பறிக்கக் கூடாது, தானாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் முற்றாமல் பறித்த கொட்டைக்கு உள்ளே பருப்பு சூம்பியிருக்கும். அந்தக் காலத்து முந்திரி எல்லாம் கொட்டை ஊன்றி வளர்த்த மரங்கள். கிளை தரையைத் தொட்டுப் படர்ந்து மறுபடி மேலே ஏறும். பெரியவர்கள் அதற்குள் குனிந்து போவது கஷ்டம். எங்களுக்கு அது வீடு மாதிரி. நாலு காலில் தவழ்ந்து உள்ளே போனால் சருகு மெத்தை, மேலே பச்சைக் கூரை, தரையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பழம். பழத்தை இடது கையில் பிடித்துக் கொட்டையை ஒரு திருகு திருகினால் 'டக்' என்று கழன்று வரும். கொட்டை கூடைக்கு, பழம் வாய்க்கு, மிச்சம் ஆட்டுக்கு. வெறும் பழம் தின்றால் தொண்டை கரகரக்கும் என்று மடியில் உப்பு முடிந்துகொண்டு போவோம்.

முசுறு இல்லாத முந்திரி மரம் கிடையாது. இலைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து, தன் புழுவையே நூல் உருண்டை போல வாயில் கவ்விக்கொண்டு அந்த இலைகளைத் தைக்கும் செவ்வெறும்பு. ஒருநாள் கிளைக்கடியில் மல்லாந்து கிடந்தபோது அந்தத் தையலை நேராகப் பார்த்தேன். ஒரு வரிசை எறும்புகள் இந்த இலை விளிம்பைக் காலால் பற்றி, அந்த இலை விளிம்பை வாயால் கவ்வி இழுத்து நிறுத்தியிருந்தன. வேறொன்று வெள்ளைப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் ஒரு தொடல், அந்தப் பக்கம் ஒரு தொடல். தொட்ட இடமெல்லாம் மெல்லிசாக வெள்ளை இழை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஆயா பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பின்னால் வந்தவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. "கூடை ரொம்பலயே" என்றாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் கொட்டை சுடுவது பெரிய வைபவம். ஓட்டை போட்ட பழைய தகரத்தில் கொட்டையைக் கொட்டி, அடியில் சருகைப் போட்டுக் கொளுத்தினால் கொஞ்ச நேரத்தில் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பற்றிக்கொள்ளும். குப்பென்று தீ எழும்பும். கறுப்புப் புகை கண்ணைக் கரிக்கும். மாமா நீளக் கழியால் புரட்டிப் புரட்டி, சரியான நேரம் பார்த்துத் தீயோடு தரையில் கவிழ்த்து மண்ணை அள்ளிப் போடுவார். எங்களைக் கிட்ட விடமாட்டார்கள். பச்சைக் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து உரியும். ஆறினதும் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு கல்லில் வைத்துத் தட்டுவோம். உடையாமல் முழுப் பருப்பாக எடுப்பதில் எங்களுக்குள் போட்டி.

கடைசிப் பொறுக்கலும் முடிந்த பிறகு காட்டில் தப்பிக் கிடக்கும் கொட்டையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொந்தம். அது எழுதாத சட்டம். சருகைக் கிளறிக் கிளறி எடுத்து, ஐஸ் வண்டிக்காரரிடம் கொடுத்தால் சேமியா ஐஸ். காசே கை மாறாது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காட்டில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. நாங்கள் பொறுக்காவிட்டால் கிளைக்கடியில் கிடக்கும் கொட்டை வீணாகும். எங்களை யாரும் இயற்கையை ரசிக்கக் கூட்டிப்போகவில்லை. ஆயாவுக்கு அந்தக் காடு சின்னம்மாவின் கல்யாணச் செலவு, மாமாவின் படிப்பு. "பாரு எவ்வளவு அழகு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேலையைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நடுவே எங்களை எங்கள் போக்கில் விட்டுவிட்டாள்.

அந்த மரங்கள் இப்போது இல்லை

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்திரி, காற்றை எதிர்த்து நிற்கிற மரம் இல்லை. நாங்கள் தவழ்ந்த மரங்கள் அத்தனையும் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. அதுவரை காட்டுக்குள் நின்றால் நாலடிக்கு அப்பால் தெரியாது, அன்றைக்குப் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. மாமா அழவில்லை. "தாத்தா வச்ச மரம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒட்டுக்கன்று வந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 ரகம்தான் மாமாவும் வைத்தார். சீக்கிரம் காய்க்கும், மகசூலும் நன்றாக வரும், கவாத்து செய்து அடக்கி வளர்க்க வேண்டும். வரிசை வரிசையாக நிற்கிறது. நல்ல மரம். அதன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, மாமாவின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். ஆனால் கிளைக்கடியில் வீடு கிடையாது.

என் மகன் தானேவுக்குப் பிறகு பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த பெரிய இயற்கை, ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியில் கொட்டிய மழையை, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல், அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தான். மறுநாள் கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை டிவியில் பார்த்துவிட்டு, "நம்ம தெருவுக்கும் வருமாம்மா?" என்று கேட்டான். மழை என்றால் அவனுக்கு முதலில் வருவது பயம்தான். சுனாமிக்குப் பிறகு என் அம்மாவும் அப்படித்தான், தேவனாம்பட்டினம் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். இந்தக் கரையில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பயமும் இயற்கையோடு சேர்ந்த அறிவுதான் என்று நினைக்கிறேன். அதை மறைத்துவிட்டுப் பூவும் பட்டாம்பூச்சியும் மட்டும் காட்டுவது சரியாகப் படவில்லை.

அவனை ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறோம். பொங்கல், காரியம், கல்யாணம் என்று ஒருநாள் ரெண்டுநாள் தங்கல். முந்திரிக் காட்டைச் சுற்றிக் காட்டியபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பழம் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினான். "போலாமா?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் என்ன செய்வான்? அது என் காடு, அதுவும் இல்லாமல் போன காடு. என் ஞாபகத்துக்கு அவன் ஏன் வியக்க வேண்டும்?

ஜன்னலில் வந்து கட்டியது

காதுகுத்து முடிந்து சில வாரங்கள் இருக்கும். அக்னி நட்சத்திரம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் மாடி வீட்டில் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லை. சம்மர் கேம்ப் எதிலும் அந்த வருஷம் சேர்க்கவில்லை. மகன் பால்கனி ஜன்னல் ஓரத் தரையில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்துக் கிடந்தான். நான் உள்ளே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் அதே இடத்தில், அதே கிடையில் கிடக்கிறான், கண் மட்டும் ஜன்னல் சட்டத்தின் மேல். ஒரு குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதம்மா" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன்தான் எனக்குச் சொன்னான். ஏ.சி. குழாயில் கரண்ட் போகுமுன் சொட்டிய தண்ணீர் ஒரு கிண்ணத்தில் தேங்கியிருந்தது. குளவி முதலில் அங்கே போய் வாய் வைக்கும். அப்புறம் செம்பருத்தித் தொட்டிக்குப் போய்க் காய்ந்த மண்ணில் அந்தத் தண்ணீரைக் கக்கி, முன்காலும் வாயுமாகப் பிசைந்து மிளகு அளவு உருண்டை பிடிக்கும். அதைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு சட்டத்துக்கு வந்து, உருண்டையை விளிம்பில் வைத்துப் பின்னால் நடந்துகொண்டே இழுத்து இழுத்துப் பட்டையாகப் பூசும். பூசும்போது தலையில் இருக்கும் கொம்பு ரெண்டும் சுவரின் உள்ளும் புறமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். "கனம் சரியா இருக்கான்னு பாக்குதும்மா." கடைசியில் வாய் மட்டும் குறுகலாக, விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து, ஒரு குட்டிச் செம்மண் பானை. அதற்கப்புறம் அது பச்சைப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது.

என் அம்மா அந்த வாரம் கடலூரிலிருந்து வந்திருந்தாள். கூட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "கொளவி கூடு கட்டினா வூட்டுக்கு நல்லது. கலைக்காதீங்க. வூட்டுல கொழந்த தங்கும்பாங்க." பிறகு பேரனிடம், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அந்தச் சொல்லையும் சொன்னாள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "அப்டியா ஆயா? பாப்போம்" என்றான். அந்த "பாப்போம்" என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருந்தால் மனப்பாடம் செய்கிற பிள்ளை, பழமொழியைச் சோதித்துப் பார்க்கப் போகிறான்.

பார்த்தான். ஒரு பானை நிரம்பியதும் வாயை அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மண்பூச்சு. தான் கட்டிய அழகான வாயெல்லாம் மூடிப்போகும்படி அது பூசியதைப் பார்த்து அவனுக்கு வருத்தம். தினமும் பென்சிலால் ஒரு நோட்டில் படம் போட்டான். பள்ளி திறக்கும் சமயத்தில் கூட்டின் பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். புழுக்களின் காய்ந்த தலைத் தோல்கள் மட்டும் கிடந்தன. அன்றைக்கு ஆயாவுக்குப் போன் போட்டான்: "புழு குளவியாவல ஆயா. குளவி முட்டை வச்சிட்டுத்தான் புழுவ உள்ள வைக்குது. புழு சாவாது, மயக்கத்துலயே கெடக்கும். குட்டிக் குளவி அத சாப்பிட்டுட்டுத்தான் வெளிய வருது." பாதியை அவனே பார்த்திருந்தான், மீதியை நூலகத்திலிருந்து எடுத்த பூச்சிகள் புத்தகத்தில் படித்திருந்தான். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இத்தன வருசமா அதுக்குத்தான் புழு தூக்கிட்டு வந்துச்சா" என்றாளாம். அவளுக்கும் புதுச் செய்தி.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்று விளங்கியது. முசுறு தைத்ததைப் பார்த்துக்கொண்டு நான் கிடந்த கிடையும் இவன் கிடந்த கிடையும் ஒன்றேதான். காடு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம். எங்களுக்கு அது ஏராளமாகக் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நாமே அதை ஸ்கேட்டிங், அபாகஸ், ஹிந்தி, நீட் ஃபவுண்டேஷன் என்று துண்டு போட்டு விற்றுவிடுகிறோம். போன் மேல் பழி போடுவது சுலபம். போனை வாங்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் டியூஷனை வைத்தால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

இதில் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆயா எங்களைக் காட்டில் விட்டாள் என்றால் அந்தக் காட்டைச் சுற்றி மாமா, அத்தை, ஆடு மேய்க்கிற பாட்டி, பனையேறுகிற அண்ணன் என்று எத்தனையோ கண்கள் இருந்தன. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எங்கே, பாம்பு எந்தப் புற்றில் என்று ஊருக்கே தெரியும். இங்கே மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெண், பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பாள்? பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பெரியப்பா சொன்ன 'அந்தக் காலம்' உண்மையில் அந்தக் கண்கள்தான். அவை கலைந்து போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டின் நிறத்தை நான் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டியில் இருந்தது, இந்தப் பக்கத்து நர்சரிகளில் கிடைக்கிற செம்மண். கேப்பர் மலையிலும் பண்ருட்டி முந்திரிக் காட்டிலும் ஆரோவில் மேட்டிலும் இருக்கிற சிவப்பு ஒன்றுதான். புவியியலாளர்கள் இந்தப் படிவத்துக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலி நிலக்கரியும் திருவக்கரை கல்மரங்களும் அதற்குள்தான் கிடைக்கின்றன. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மரமே இல்லாத, மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த பொட்டல். மண்ணுக்கு வரப்பு போட்டு, நீரைத் தேக்கி, ஐயனார் கோயில் காடுகளில் தப்பியிருந்த மரங்களின் விதைகளையும் கொண்டுவந்து நட்டு இன்றைக்கு அது காடாகியிருக்கிறது. போனது வராது என்று மாமா சொல்லும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். கோயில் காட்டில் கொம்பு ஒடிக்காமல் விட்ட யாரோ ஒருவரின் பயத்திலிருந்துதான் அந்த விதை வந்தது.

இந்த மே மாதம்

முழுப்பரீட்சை முடிந்ததும் மகன் மாமா வீட்டுக்குப் போகிறான். நாங்கள் கூடப் போகவில்லை, அவன் மட்டும். வீட்டில் இதற்குச் சம்மதம் வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. என் கணவர் பக்கத்து உறவுகளுக்கு இன்னும் மனசில்லை. கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக் கூடாது, செருப்பில்லாமல் சருகுக்குள் இறங்கக் கூடாது, பச்சைக் கொட்டையைக் கல்லில் தட்டக் கூடாது. இந்த மூன்றும் கறார். மற்றபடி அவன் என்ன பார்த்தான், என்ன கற்றான் என்று தினமும் கேட்பதில்லை என்று நானும் முடிவு செய்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் பேசினான். கூலி பேசத்தான்.

"கிலோவுக்கு எவ்ளோ தாத்தா குடுப்பீங்க?"

"பொறுக்குற ஆளுங்களுக்கு இன்னா குடுக்குறனோ அதான் ஒனக்கும். வுழுந்தத மட்டும்தான் எடுக்கணும். மரத்துல கைய வச்ச, கூலி கெடையாது."

"சரி தாத்தா. அங்க கொளவிக்கூடு இருக்குமா?"

"மோட்டார் கொட்டாயில பாதி செவுரு அதான். வந்து பேத்துப் போடு, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"பேக்க மாட்டேன் தாத்தா. நான் அதப் பாக்கத்தான் வரேன்."

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். "அப்ப செவுரு ஒன்னுது, கொட்ட என்னுது. வெடியக்காலம் எழுந்திருப்பியாடா?"